அழாத பிள்ளைகள்

ருமேனியாவின் குழந்தைக் காப்பகங்களுக்குள் 1990களில் போய் வந்த மருத்துவர்களும் ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம், அங்கே நிலவிய அமைதி. வரிசை வரிசையாகக் கம்பித் தொட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை இருந்தது. அழுகுரல்தான் இல்லை. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பழமொழி பொய்த்துப்போன இடம் அது. பால் கடிகாரத்தைப் பார்த்து வரும், அழுகையைக் கேட்டு வராது. எவ்வளவு அழுதாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றால் சில மாதங்களில் குழந்தை அழுவதையே விட்டுவிடும். அதைப் பார்த்து 'சமர்த்துப் பிள்ளை' என்று நினைத்துவிட்டால் அதைவிடப் பெரிய தவறு இல்லை.

பிஞ்சு வயதின் மன அழுத்தம் என்றதும் அடி, உதை, பெற்றோர் சண்டை, பட்டினி இவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கொடியவைதான். ஆனால் யாரும் கை ஓங்காமலே, வேளாவேளைக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒரு குழந்தையின் உடலை வாழ்நாள் முழுக்கப் பாதிக்க முடியும் என்பதை ருமேனியாதான் உலகத்துக்குக் காட்டியது. அங்கே குறைந்தது என்ன என்பதைத் துல்லியமாகப் புரிந்துகொண்டால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் புரியும்.

1966இல் ருமேனியாவின் கம்யூனிச ஆட்சியாளர் நிக்கோலாய் சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்பதற்காகக் கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசிடம் ஒப்படைத்தன. பெற்றோரைவிட அரசு நன்றாக வளர்க்கும் என்று அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காப்பகங்களில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர், தாயோ தந்தையோ உயிரோடு இருந்தவர்கள்.

மூன்று வயது வரையிலான குழந்தைகளை வைத்திருந்த காப்பகத்துக்கு ருமேனிய மொழியில் 'லெயாகன்' என்று பெயர். தொட்டில் என்று பொருள். தாலாட்டைத் தவிர ஒரு தொட்டிலுக்கு உரிய எல்லாமே அங்கு இருந்தன. ஒரு பராமரிப்பாளர் கையில் பன்னிரண்டு குழந்தைகள் வரை, சில இடங்களில் அதற்கும் மேல். பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போவார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளியல். ஒரே நேரத்தில் எல்லோரையும் மலச்சட்டியில் உட்கார வைப்பார்கள். வேலை நேரம் முடிந்ததும் ஒருவர் போய் இன்னொருவர் வருவார். நேற்று தூக்கிய கை இன்று இல்லை. இந்தப் பெண்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பன்னிரண்டு குழந்தைகளுக்குத் துணி மாற்றி, பால் கொடுத்து, குளிப்பாட்டி முடிப்பதற்குள் வேலை நேரமே போய்விடும். ஒரு முகத்தைப் பார்த்துக் கொஞ்சுவதற்கு அந்த ஏற்பாட்டில் நிமிடமே ஒதுக்கப்படவில்லை.

கொஞ்சுவது என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். குழந்தை 'ங்க' என்கிறது, தாயும் 'ங்கா' என்கிறாள். குழந்தை விளக்கைப் பார்க்கிறது, அவளும் அங்கே திரும்பி 'அதோ விளக்கு' என்கிறாள். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது, அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறாள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளையின் இணைப்புகள் பலப்படுகின்றன. மொழியும் கவனமும் பயத்தை அடக்கும் திறனும் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

உடலுக்குள் நடப்பது இது. ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஒரு சுரப்பை அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி சுரப்பி இன்னொன்றை அனுப்ப, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. இருபது முப்பது நிமிடங்களில் அது உச்சத்தைத் தொடும். சர்க்கரையை ரத்தத்துக்குக் கொண்டுவரும், வளர்ச்சியையும் செரிமானத்தையும் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும். ஆபத்து நீங்கியதும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் 'போதும், நிறுத்து' என்று சொல்லும். பெரியவர்களுக்கு இந்த வட்டம் தானாகவே ஓடி முடியும். கைக்குழந்தைக்கு அந்த 'நிறுத்து' இன்னும் முற்றவில்லை. அதை வெளியிலிருந்து ஓர் ஆள் செய்துகொடுக்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் குன்னர் தடுப்பூசி போடும் குழந்தைகளிடம் இதை அளந்து பார்த்தார். தாயோடு உறுதியான பற்று உள்ள குழந்தையும் ஊசிக்கு அழும். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது அதன் கார்ட்டிசால் ஏறுவதில்லை. அழுகையும் அழுத்தமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஊசி போடும் அறையில் 'அம்மா வெளியே இருங்க' என்று அனுப்பிவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கொஞ்ச நேர அழுத்தம் கெடுதல் அல்ல. புதுப் பள்ளியின் முதல் நாளோ, விழுந்து முட்டி சிராய்த்ததோ பிள்ளையைப் பழக்கும். கெடுப்பது, அணைக்க ஆள் இல்லாமல் நீண்டுகொண்டே போகும் அழுத்தம்.

2000ஆம் ஆண்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் வேலையைத் தொடங்கினார்கள். நகரின் ஆறு காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 6 முதல் 31 மாதம் வரை. கடுமையான பிறவி நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை, அதாவது 68 பேரை, வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்ற 68 பேருக்கு வழக்கமான ஏற்பாடே தொடர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, காப்பகத்தையே அறியாமல் சொந்த வீட்டில் வளர்ந்த 72 புக்கரெஸ்ட் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

அனுப்ப வளர்ப்புக் குடும்பங்கள் எங்கே? அப்போது புக்கரெஸ்டில் அப்படி ஒரு முறையே ஏறக்குறைய இல்லை. ஆய்வுக் குழுவே 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, மாதாந்தர உதவித்தொகை கொடுத்து உருவாக்கியது. சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு போய் வந்தார்கள். வளர்ப்புப் பெற்றோருக்கு அவர்கள் சொன்ன பாடம், 'வந்த பிள்ளை என்று நினைக்காதீர்கள், உங்கள் பிள்ளை என்று நினைத்து மனதைக் கொடுங்கள்' என்பதுதான்.

குலுக்கலில் பாதிப் பேரைக் காப்பகத்திலேயே விடுவது அறமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. காப்பகமே நல்லது என்று நம்பிய அதிகாரிகள் அப்போது பலர் இருந்தார்கள். வளர்ப்புக் குடும்பங்கள் வேறு எங்கும் இல்லை. அதோடு, விடப்பட்ட பிள்ளைகளுக்குச் சொந்த வீடோ வேறு குடும்பமோ கிடைத்தால் குழு குறுக்கே நிற்காது என்பதும் முதலிலேயே எழுதப்பட்ட விதி. பின்னாளில் அவர்களில் பலர் அப்படி வெளியேறவும் செய்தார்கள். ஆய்வு நடந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனாலும் அந்தச் சீட்டுகளை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது.

நாலரை வயதில் நுண்ணறிவு ஈவை (ஐ.க்யூ.) சோதித்தபோது, காப்பகத்தில் தொடர்ந்தவர்களின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. சொந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 109. எட்டுப் புள்ளிதானே என்று தோன்றலாம். அதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. மூன்றரை வயதுச் சோதனையில், வளர்ப்புக் குடும்பத்துக்கு 18 மாதத்துக்குள் போனவர்களின் சராசரி 94. 18 முதல் 24 மாதத்துக்குள் போனவர்களுக்கு 89. 24 மாதம் தாண்டிப் போனவர்களுக்கு ஏறத்தாழ 80. பேச்சில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 15 மாதத்துக்குள் வீடு கிடைத்தவர்கள் சக குழந்தைகளைப் போலவே பேசினார்கள். இரண்டு வயதுக்குப் பிறகு போனவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள்.

இந்த எண்களை வைத்து '24 மாதம் போனால் போச்சு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. வீடா காப்பகமா என்பதைத்தான் சீட்டு முடிவு செய்தது. எந்த வயதில் போவது என்பதை அல்ல. அதனால் வயதுக் கணக்கை எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீக்கிரம் போனால் நல்லது என்பது உறுதி. ஆனால் பேச்சுக்கு ஒரு வயது, பற்றுக்கு ஒரு வயது, மூளையின் மின் அலைகளுக்கு ஒரு வயது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பருவம் இருக்கிறது. தலையில் மின்முனைத் தொப்பி மாட்டி எடுக்கும் இ.இ.ஜி. பதிவிலும் இது தெரிந்தது. காப்பகக் குழந்தைகளிடம் மெதுவான தீட்டா அலைகள் அதிகம், வேகமான ஆல்ஃபா அலைகள் குறைவு. எட்டு வயதில் பார்த்தபோது, இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்தவர்களின் பதிவு சொந்த வீட்டுப் பிள்ளைகளின் பதிவைப் போலவே இருந்தது.

உடல் வளர்ச்சியில் நடந்தது இன்னும் வியப்பு. வளர்ப்பு வீட்டுக்குப் போன ஓர் ஆண்டுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் இயல்பான உயரத்தை எட்டிவிட்டார்கள். எடையிலும் பத்தில் ஒன்பது பேர். எந்தக் குழந்தை அதிகம் வளர்ந்தது என்று பார்த்தால், வளர்ப்பவர் அதன் சைகையைப் புரிந்து எவ்வளவு கனிவாகப் பதில் கொடுத்தார் என்பதோடு அது பொருந்திப்போனது. தீராத அழுத்தம் வளர்ச்சிச் சுரப்பின் வேலையை முடக்கும், அழுத்தம் விலகினால் உடல் விட்டதைப் பிடிக்க ஓடும். ஆனால் தலையின் சுற்றளவு மட்டும் அப்படி எட்டிப்பிடிக்கவில்லை. எடை கூடிவிட்டது, குழந்தை தேறிவிட்டது என்று கோப்பை மூடிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பன்னிரண்டு வயதில் செய்த சோதனைதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பிள்ளைகளை ஆசிரியர்களைப் போன்ற பெரியவர்கள் முன் நிறுத்திப் பேசச் சொன்னார்கள், மனக்கணக்கு போடச் சொன்னார்கள். யாருக்கும் நெஞ்சு படபடக்கும். சொந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிர்பார்த்தபடி கார்ட்டிசால் ஏறியது. காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏறவேயில்லை, மட்டமாகக் கிடந்தது. பிஞ்சில் பட்ட துன்பம் பிள்ளையை எதற்கெடுத்தாலும் பதறுபவனாக ஆக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. ஓயாமல் அடித்த அபாய மணியை உடல் ஒரு கட்டத்தில் அணைத்தே விட்டது. இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தவர்களுக்கு மட்டும் அந்த மணி மற்றவர்களைப் போலவே வேலை செய்தது.

மணி அடிக்காவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. காலையில் கண் விழித்த அரை மணி நேரத்தில் ஏறி நம்மை எழுப்பிவிடுவதும், இரவில் இறங்கித் தூங்க விடுவதும் இதே கார்ட்டிசால்தான். உடலில் அழற்சி எல்லை மீறாமல் அடக்குவதும் அதுவே. அது சரியாக ஏறி இறங்காத உடலில் அழற்சி கனன்றுகொண்டே இருக்க வாய்ப்புண்டு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட ஒரு தலைமுறையில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் 32 வயதில் அழற்சியின் அடையாளமான சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. நாற்பது ஐம்பது வயதில் வரும் இதயநோய்க்கும் தொட்டில் காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கான விடையில் ஒரு முக்கியமான பகுதி இதுதான்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சிறுவயதின் கசப்பான அனுபவங்களை வகைப்படுத்தி எண்ணியபோது, நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவர்களைவிட இதயநோய் வாய்ப்பு சுமார் 2.2 மடங்கு, தற்கொலை முயற்சி 12 மடங்கு. மக்கள்தொகை அளவில் இது மிகப் பெரிய உண்மை. ஆனால் பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டு 'உனக்கு இந்த நோய் வரும்' என்று ஒரு தனி மனிதரிடம் சொல்வதற்கு அது ஏற்றதல்ல. ஆண்டாவே பின்னாளில் இப்படி எச்சரித்து எழுதினார். எவ்வளவு காலம், எந்த வயதில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அந்த மதிப்பெண் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசிக்கொண்டிருப்பதே அந்த மூன்றைப் பற்றித்தான்.

வகுப்பறைக்கு வருவோம். புக்கரெஸ்ட் பிள்ளைகளிடம் வீடு மாறியும் பெரிதாகத் தேறாத ஒன்று, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி செய்யும் வேலை. சொன்னதை மனதில் நிறுத்திக்கொள்வது, எழும் அவசரத்தை அடக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது. கவனக்குறைவும் அமைதியின்மையும் தொடர்ந்தன. மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் குடும்பத்துக்குப் போனவர்களிடம் பாதியளவுக்குக் குறைந்தன. ஆசிரியருக்கு இதன் பொருள் மிக நேரடியானது. 'புத்தகத்தை எடு, 40ஆம் பக்கம் திருப்பு, மூன்றாவது கணக்கைப் போடு, முடித்ததும் நோட்டை மேசையில் வை' என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு முதல் பாதிதான் மிஞ்சும். அது கீழ்ப்படியாமை அல்ல. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பலகையில் எழுதியும் வையுங்கள். உட்காரும் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். நாளை வேறு ஆசிரியர் வருவார் என்றால் இன்றே சொல்லுங்கள். தப்பு செய்தால் தனி அறையில் அடைப்பதோ வெளியே நிறுத்துவதோ வேண்டாம். ஆளற்ற தனிமையில் கெட்டுப்போன ஒன்றை அதே தனிமையால் திருத்த முடியாது.

இன்னொரு அடையாளத்தைப் பெரியவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து 'எவ்வளவு பாசம்!' என்று பூரிக்கிறார்கள். நாலரை வயதில் இதையும் சோதித்தார்கள். வீட்டு வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் வந்து 'என்னோடு வா, ஒன்று காட்டுகிறேன்' என்பார். சொந்த வீட்டுப் பிள்ளைகளில் மிகச் சிலரே கிளம்பினார்கள். மற்றவர்கள் தாயின் முகத்தைப் பார்த்தார்கள். காப்பகப் பிள்ளைகள் பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்கள். எல்லோரும் ஒன்றுதான் என்றால் தனக்கென்று யாரும் இல்லை என்று பொருள்.

பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டவர்கள் பிரிட்டனில் பிறந்து தத்துப் போனவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதைத் தாண்டி இருந்தவர்களில் பலருக்குக் கவனச் சிக்கலும் பழகுவதில் சிக்கலும் வளர்ந்த பின்பும் நீடித்தன. ஆனால் நுண்ணறிவில் இருந்த பின்னடைவு இளமைப் பருவத்தில் மறைந்துவிட்டது. அந்தத் தாமதமாக வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. வளர்ந்த பின் எடுத்த மூளைப் படங்களில் ருமேனியத் தத்துப் பிள்ளைகளின் மூளை சுமார் 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. காப்பகத்தில் கழிந்த மாதங்கள் கூடக்கூட அளவும் குறைந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முன்னதை மட்டும் சொல்வது ஏமாற்று, பின்னதை மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

காப்பகத்தை மூடுவது மட்டும் தீர்வாகாது. வீடுகளுக்குள்ளும் இதே வறட்சி இருக்க முடியும். அங்கே என்ன செய்யலாம் என்பதற்கு ஜமைக்கா ஒரு பாடம். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், 9 முதல் 24 மாத வயதுள்ள, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மக்கிரிகர் குழு சேர்த்தது. சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. சிலருக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டுச் சந்திப்பு. சிலருக்கு இரண்டும். சிலருக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகள் நடந்தது.

சந்திப்புக்கு வந்தவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். பையில் இருந்தவை காலி பிளாஸ்டிக் புட்டி, அட்டை, துணி இவற்றில் செய்த பொம்மைகள், கையால் வரைந்த படப் புத்தகங்கள். வந்தவர் குழந்தையோடு விளையாடிக் காட்டுவார், பிறகு தாயின் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவார். தாய் செய்வதைப் பாராட்டுவார். போகும்போது பொம்மையை விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவருவார். இந்த முறை கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். பணியாளர் தானே குழந்தையோடு விளையாடிவிட்டுக் கிளம்பிவிட்டால், தாய் வேடிக்கை பார்ப்பவளாகிவிடுவாள். வாரத்தில் மீதி 167 மணி நேரம் பிள்ளையோடு இருப்பவள் அவள்தான். பால்மாவு கொடுத்த பலன் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் மங்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகளின் வருமானம் சந்திப்பு கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதல்.

மேரி டோஸியர் அமெரிக்காவில் உருவாக்கிய பத்து வாரப் பயிற்சியும் இதே வழியில் போகிறது, இன்னும் நுணுக்கமாக. வீட்டில் வாரம் ஒரு மணி நேரம். கற்றுக்கொடுப்பது மூன்றே விஷயங்கள்: குழந்தை வருந்தும்போது அணைப்பது, விளையாடும்போது அதன் போக்கில் மகிழ்ச்சியோடு போவது, மிரட்டாமல் இருப்பது. பயிற்சியாளர் உபதேசம் செய்வதில்லை. 'இப்போது அவன் கை நீட்டினான், நீங்கள் உடனே தூக்கினீர்கள், அதனால் அவன் அடங்கினான்' என்று நடந்ததை அந்தக் கணமே சொல்கிறார். இதில் மிகக் கடினமானது முதல் விஷயம். புறக்கணிக்கப்பட்ட பிள்ளை அழுது கேட்காது, தூக்கினால் விறைத்துக்கொள்ளும், முகத்தைத் திருப்பும். 'இதற்கு நான் தேவையில்லை' என்று வளர்ப்பவருக்குத் தோன்றும். கேட்காத பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கப் பழக்குவதுதான் பயிற்சியின் பாதி வேலை. இந்தப் பயிற்சி பெற்றவர்களின் குழந்தைகளிடம் காலையில் ஏறி இரவில் இறங்கும் கார்ட்டிசால் ஒழுங்கு மற்றவர்களைவிடச் சீராக இருந்தது.

குடும்பத்தை மாற்றிக்கொண்டே இருந்தாலும் எல்லாம் வீணாகும். புக்கரெஸ்டில் முதலில் சேர்ந்த வளர்ப்பு வீட்டிலேயே நிலைத்தவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் நடத்தைச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. வீடு மாறியவர்களிடம் அந்த நன்மை கரைந்துவிட்டது. நிர்வாக வசதிக்காக ஒரு பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு மாற்றும் கையெழுத்தைப் போடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ருமேனியா 2004இல் இயற்றிய 272ஆம் எண் சட்டம், 2005 ஜனவரி முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. பல காப்பகங்கள் மூடப்பட்டன, அரசு சம்பளம் பெறும் வளர்ப்புத் தாய்மார்களிடம் பிள்ளைகள் போனார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கும் எழுதப்பட்டது. கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றார்கள். கழுத்து நிற்கத் தாமதமாகும், சைகை எளிதில் புரியாத, ஒருவர் முகத்தை மற்ற எவரையும்விட அதிக நேரம் பார்த்தாக வேண்டிய குழந்தைகள் அவர்கள்.